நாய்க்குட்டி வாங்குமுன் தாயைப் பாருங்கள்

மீள்குடியேறிய கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, இறைத்துத் துப்புரவாக்கிய கிணறு, புதிதாக அடைத்த வேலி என்று எல்லாவற்றையும் காட்டிய பின் அந்த வீட்டுத் தாய் சொன்னார்: "சுவாமி, எல்லாம் சரிவந்திட்டுது. ஆனா நாய் குரைக்காத வளவு வளவு மாதிரித் தெரியேல்லை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பின்பக்கம் பற்றைக்காடு. இரவில் பன்றி வந்து மரவள்ளியைக் கிண்டுகிறது. மரநாய் கோழிக்கூட்டைப் பிரிக்கிறது. கணவர் தோட்டக்காவலுக்குப் போனால் தாயும் பிள்ளைகளும் தனித்துப் போகிறார்கள். இதைவிட வேறொரு காரணமும் உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும், பின்னர் 2009 வரை வன்னியில் இடம்விட்டு இடம் ஓடியவர்களும் நாயைக் கட்டவிழ்த்து விட்டுவிட்டுத்தான் போனார்கள். அந்த நாய் படலைவரை பின்தொடர்ந்து வந்ததைச் சொல்லும்போது குரல் தளராதவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

கச்சான் விற்ற காசில் ஒரு பகுதியை அந்தத் தாய் என்னிடம் தந்தார். "பட்டணத்தில நல்ல சாதிக்குட்டி ஒண்டு பார்த்து வாங்கித் தாங்கோ" என்றார். நானும் வாங்கிக் கொடுத்தேன். அழகான அல்சேஷன் குட்டி. மூன்றாம் நாள் சத்தி எடுத்தது. நான்காம் நாள் இரத்தமாகக் கழிந்தது. ஐந்தாம் நாள் விடியற்காலை செத்துப்போனது. சின்னவன் அதைத் தன் சட்டையால் மூடி வேலியோரம் புதைத்தான். கதை அதோடு முடியவில்லை. பிள்ளையின் அழுகையைப் பொறுக்காத அயலவர் ஒருவர் தன் வீட்டு ஊர்நாய்க்குட்டி ஒன்றைக் கொடுத்தார். அதுவும் அதே முற்றத்தில் அதே விதமாகச் செத்தது.

கால்நடை வைத்தியர் விளக்கிய பின்னரே என் பிழை எனக்குத் தெரிந்தது. முதற்குட்டி நோயை விற்றவரிடமிருந்தே கொண்டுவந்திருக்கிறது. இரண்டாவது குட்டி அதை எங்கள் மண்ணிலிருந்து பெற்றிருக்கிறது. குட்டி வாங்கிய இடத்தில் நான் தாய்நாயைக் கேட்கவில்லை. குட்டி கிடந்த இடத்தைப் பார்க்கவில்லை. வயதைச் சரிபார்க்கவில்லை. முன்வாசலில் ஒருவர் கையில் கொண்டுவந்து தந்ததைக் காசு கொடுத்து வாங்கிவந்தேன்.

உங்களில் ஒருவர் நாம்பன் வாங்கப் போனால் இப்படிச் செய்வாரா? பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். ஆட்டுக்குட்டி வாங்கினால் தாயின் மடியைப் பார்ப்பார். அந்த அறிவு எமது மக்களிடம் நிறைய உண்டு. நாய்க்குட்டி என்றவுடன் மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறோம். இந்தப் பாடத்தின் நோக்கம் அந்த அறிவைக் கையோடு கொண்டுபோகச் செய்வதே.

1. முதலில் எம்மை நாமே கேட்போம்

நாய் 10 முதல் 13 வருடம் வரை உயிர்வாழக்கூடியது. அத்தனை காலமும் அதற்குச் சாப்பாடு, வருடாந்த ஊசி, உண்ணி மருந்து என்பன வேண்டும். எனவே போகுமுன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்து பின்வருவனவற்றைப் பேசுங்கள்.

- நாய் எதற்கு? காவலுக்கா, பன்றி விரட்டவா, பிள்ளைகளுக்குத் துணையாகவா?
- நாள்தோறும் சாப்பாடு வைப்பது யார்? அவர் கூலிவேலைக்குப் போனால் யார் வைப்பார்?
- வேலி அடைத்திருக்கிறதா? அல்லது குட்டி வீதிக்கு ஓடிவிடுமா?
- மறுபடியும் இடம்மாற வேண்டி வந்தால் நாயை என்ன செய்வோம்?

கடைசிக் கேள்வி உங்களுக்கு நோகும் என்று தெரியும். ஆனாலும் உறவினர் காணியிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருப்பவர்கள் அதைக் கேட்டே ஆகவேண்டும். சொந்தக் காணிக்குப் போகும் நாள் அண்மையில் உண்டென்றால் அதுவரை பொறுப்பது நல்லது. குட்டிக்கும் ஒரே வளவில் வளர்வது நன்று.

2. எந்த இனம்?

அல்சேஷன் என்றால் காவல் என்பது எம்மிடையே உள்ள நம்பிக்கை. அந்த இனத்தின் கதையைச் சற்று அறிந்துகொள்வோம். 1899ஆம் ஆண்டு ஜேர்மனியில் மக்ஸ் ஃபொன் ஸ்ரெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஆடு மேய்க்கும் நாய் ஒன்றை வாங்கி, அதிலிருந்து இந்த இனத்தை உருவாக்கினார். அவர் பார்த்தது அழகையல்ல. வேலை செய்யும் திறனையும் அறிவையும் உடல் உறுதியையுமே பார்த்தார். பிற்காலத்தில் பலர் தோற்றத்துக்காகவும் விலைக்காகவும் இனம்பெருக்கியதால் பின்னங்காலின் இடுப்புமூட்டு சரியாகப் பொருந்தாத குறை இந்த இனத்தில் பரவலாகிவிட்டது. குட்டியில் அது வெளியே தெரிவதில்லை. வளர்ந்தபின் எழும்ப முடியாமல் இழுத்து நடக்கும்போதே தெரியவரும். இந்தக் குறை பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதால் தாயும் தகப்பனும் நடப்பதைப் பார்ப்பது அவசியம்.

பொமேரியன் போன்ற அடர்ந்த மயிர் உள்ள நாய்களுக்கு எமது உலர்வலய வெயில் கடினமானது. அந்த மயிருக்குள் உண்ணி ஒளிந்திருந்தால் கண்டுபிடிப்பதும் சிரமம்.

ஊர்நாயைக் குறைவாக எண்ணவேண்டாம். எமது வெயிலுக்கும் சாப்பாட்டுக்கும் பழகியது. அந்நியர் வந்தால் குரைப்பதில் எந்தச் சாதிநாய்க்கும் பின்னிற்காது. அயலில் நல்ல குணமுள்ள தாய்நாய் ஒன்று குட்டி போட்டிருந்தால், பட்டணத்தில் காசு கொடுத்து வாங்குவதைவிட அது நல்ல தெரிவாக இருக்கலாம். ஆனால் இலவசம் என்பதற்காகச் சோதனையை விடக்கூடாது. கீழே கூறுவன யாவும் அதற்கும் பொருந்தும்.

3. தாயையும் இடத்தையும் பாருங்கள்

இதுவே இந்தப் பாடத்தின் மையம். குட்டி நல்லதா என்று குட்டியை மட்டும் பார்த்துச் சொல்லமுடியாது. நோய் உடலுக்குள் புகுந்து சில நாட்கள்வரை குட்டி துள்ளி விளையாடும். அது எங்கிருந்து வருகிறது என்பதைத் தாயும் இடமுமே காட்டும்.

விற்பவரிடம், "தாய் குட்டிகளோடு இருப்பதைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். "தாய் வேறு வீட்டில் நிற்கிறது", "கடிக்கும், கிட்டப் போகவேண்டாம்", "நானே கொண்டுவந்து சந்தியில் தருகிறேன்" என்று பதில் வந்தால் எச்சரிக்கையாகுங்கள். குட்டிகளை எங்கிருந்தோ வாங்கி விற்பவர்களும் உண்டு.

தாயைக் கண்டதும் கவனிக்க வேண்டியவை:

- மடி. பாலூட்டும் தாயின் மடி தொங்கியிருக்கும், காம்புகள் நீண்டிருக்கும். குட்டிகள் அதனிடம் தயக்கமின்றி ஓடும். மடி வற்றிய நாயைக் காட்டி "இதுதான் தாய்" என்றால் நம்பவேண்டாம்.
- உடல். பாலூட்டுவதால் சற்று மெலிந்திருப்பது இயல்பு. எலும்பு தள்ளி, சொறி பிடித்து, உண்ணி மொய்த்திருந்தால் அது இயல்பல்ல.
- குணம். குட்டிகளுக்கு அருகே அந்நியர் வந்தால் சிறிது உறுமலாம். சொந்தக்காரர் கூப்பிட்டதும் அடங்கவேண்டும். சொந்தக்காரரையே கண்டு மூலையில் நடுங்கும் நாய், அல்லது காரணமின்றிப் பாயும் நாய், தன் பயத்தைக் குட்டிகளுக்கும் கொடுத்திருக்கும்.
- ஈற்று. "இது எத்தனையாவது ஈற்று? முந்தியது எப்போது?" என்று கேளுங்கள். நாய் ஏறக்குறைய 63 நாட்கள் சினை சுமக்கிறது. ஒவ்வொரு பருவத்திலும் ஓய்வின்றி ஈனவைக்கப்பட்ட தாயின் உடல் உருக்குலைந்துவிடும். அப்படிச் செய்பவர் குட்டிகளிலும் அக்கறை எடுப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.
- தகப்பன். அதே வீட்டு நாயா என்று கேளுங்கள். தாய்க்கும் தகப்பனுக்கும் இரத்த உறவு இருந்தால் குறையுள்ள குட்டிகள் பிறக்கும் வாய்ப்புக் கூடும்.

பிறகு இடத்தைப் பாருங்கள். நிலம் ஈரமா? பழைய கழிவு குவிந்திருக்கிறதா? குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா? ஒரே கூட்டில் வெவ்வேறு வயதுக் குட்டிகளும் வெவ்வேறு இனக் குட்டிகளும் அடைக்கப்பட்டிருக்கின்றனவா? "போன மாதம் இங்கே குட்டி ஏதும் செத்ததா?" என்று நேரே கேளுங்கள். பதிலைவிடப் பதில் சொல்பவரின் முகம் சிலவேளை கூடுதலாகச் சொல்லும்.

4. வயது எட்டு வாரம்

தாயை விட்டுப் பிரிக்க எட்டு வாரமாவது ஆகவேண்டும். மூன்றாம், நான்காம் வாரத்தில் குட்டி கஞ்சி நக்கத் தொடங்குவதால் "இனித் தாய் தேவையில்லை" என்று விற்கிறார்கள். ஆனால் கடியை அளவோடு கடிக்கக் குட்டி பழகுவது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் விளையாடும் வாரங்களில்தான். முந்திப் பிரித்த குட்டி பின்னர் பிள்ளைகளைக் கடிக்கவும் எதற்கும் வெருளவும் கூடும்.

விற்பவர் சொல்லும் வயதைப் பல்லில் சரிபார்க்கலாம். பாற்பல் மூன்றாம் வாரமளவில் முளைக்கத் தொடங்கும். எட்டாம் வாரத்தில் 28 பாற்பற்களும் பெரும்பாலும் வந்திருக்கும். ஊசிபோலக் கூரிய சிறு பற்கள் அவை. பின்பக்கக் கடைவாயில் பல் இன்னும் வராதிருந்தால் குட்டி சொல்லும் வயதைவிட இளையது. நான்கு மாதமளவில் பாற்பல் விழத் தொடங்கும்.

5. தலைமுதல் வால்வரை

குட்டியைத் தூக்குமுன் தூரத்தில் நின்று பாருங்கள். தட்டி அழைத்தால் ஓடிவருகிறதா? மற்றக் குட்டிகளோடு விளையாடுகிறதா? தனியே ஒதுங்கித் தூங்கும் குட்டியில் பரிதாபம் வரும். அந்தப் பரிதாபம்தான் என்னை ஏமாற்றியது. பின்னர் கையில் எடுத்துச் சோதியுங்கள்.

- கண்: தெளிவாக இருக்கவேண்டும். பீளை, சிவப்பு, வெண்படலம் கூடாது.
- மூக்கு: சளி வடியக்கூடாது. இருமல், தும்மலோடு கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான சளி இருந்தால் டிஸ்டெம்பர் நோயாக இருக்கலாம்.
- முரசு: இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அமர்த்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் மீண்டும் சிவக்கவேண்டும். வெளிறிய முரசு கொக்கிப்புழுவையோ உண்ணியையோ காட்டும்.
- காது: உட்புறம் துப்புரவாக, நாற்றமின்றி இருக்கவேண்டும். பின்னால் நின்று கைதட்டுங்கள். திரும்பிப் பார்க்கவேண்டும்.
- தோல்: மயிரை எதிர்ப்புறமாகத் தடவிப் பாருங்கள். சொறி, மயிர் உதிர்ந்த வட்டம், தெள்ளு, உண்ணி இருக்கிறதா? காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி ஒளிந்திருக்கும்.
- வயிறு: பானைபோல ஊதி, விலா எலும்பு தெரிந்தால் வயிற்றில் பூச்சி நிறைய உண்டு. தொப்புளில் மெதுவான வீக்கம் இருந்தால் குடலிறக்கமாக இருக்கலாம். வைத்தியருக்குக் காட்டுங்கள்.
- வாலின் கீழ்: காய்ந்த கழிவு ஒட்டியிருந்தால் வயிற்றோட்டம்.
- நடை: சமதரையில் விட்டு ஓடவிடுங்கள். நொண்டக்கூடாது.

இக்குட்டியில் மாத்திரமன்றிக் கூடப்பிறந்தவற்றிலும் கண்ணோட்டமிடுங்கள். ஒன்று கழிந்துகொண்டிருந்தால் மற்றவையும் நாளைக்குக் கழியும்.

6. பூச்சி மருந்தும் ஊசியும்

வட்டப்புழு தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குத் தொற்றும். ஆகவே பார்க்க நல்லதாயுள்ள குட்டியிலும் அது இருக்கலாம். இரண்டு வாரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கவேண்டும். இது பிள்ளைகளின் நலனோடும் தொடர்புடையது. இப்புழுவின் முட்டை முற்றத்து மண்ணில் விழுந்து பிள்ளைகளின் கைவழியே வயிற்றுக்குள் போனால் அதன் குடம்பி கண்ணைக்கூடப் பாதிக்கும். குட்டியைத் தொட்டபின் சவர்க்காரத்தால் கைகழுவப் பழக்குங்கள். கழிவை அன்றன்றே புதையுங்கள்.

எங்கள் முற்றத்தில் இரண்டு குட்டிகளைக் கொன்றது பார்வோ என்னும் வைரசு நோய். உலகில் இது முதன்முதலாக 1978அளவில் இனங்காணப்பட்டு விரைவாகப் பல நாடுகளுக்கும் பரவியது. சத்தி, இரத்தம் கலந்த நாற்றமான வயிற்றோட்டம், சோர்வு என்பன அறிகுறிகள். இந்த வைரசு மண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கக்கூடியது. செருப்பிலும் பாத்திரத்திலும் ஒட்டிவரும். ஆகவே குட்டி செத்த முற்றத்துக்கு ஊசி பூர்த்தியாகாத இன்னொரு குட்டியைக் கொண்டுவரக் கூடாது. சீமெந்துத் தரையையும் பாத்திரங்களையும் நன்றாகக் கழுவிய பின், துணி வெளுக்கும் குளோரின் திரவம் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விடவேண்டும். மண்தரையை அப்படி முற்றாகச் சுத்தமாக்க முடியாது.

பார்வோ, டிஸ்டெம்பர் நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும். "ஒரு ஊசி போட்டாச்சு" என்றால் போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியைக் காப்பதோடு, ஊசி வேலை செய்யாமலும் தடுக்கிறது. அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகையால்தான் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறையாக 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

அட்டையைக் கையில் வாங்கிப் படியுங்கள். ஊசியின் பெயர், திகதி, மருந்துக்குப்பியின் ஒட்டுத்துண்டு, வைத்தியரின் கையொப்பம் ஆகிய நான்கும் இருக்கவேண்டும். நான்கு வாரத்தில் எல்லா ஊசியும் முடிந்ததாக எழுதியிருந்தால் அந்த அட்டையில் ஏதோ பிழை. வம்சாவழிப் பத்திரம் காட்டினால் அது குட்டியின் பெற்றோர் யார் என்பதைத்தான் சொல்லும். சுகமாயிருக்கிறது என்று சொல்லாது.

7. காசு கொடுக்குமுன்

ஒரே தடவையில் வாங்காதீர்கள். முதல்முறை பார்க்க மட்டும் போங்கள். முடிந்தால் சொல்லாமல் இன்னொரு நாள் போங்கள். முழுக்காசையும் முன்பணமாகக் கொடுக்கவேண்டாம். பிறந்த திகதி, கொடுத்த மருந்து, விலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி விற்பவரிடம் கையொப்பம் வாங்குங்கள். "இரண்டு மூன்று நாளுக்குள் வைத்தியரிடம் காட்டுவேன், நோய் என்று அவர் சொன்னால் காசைத் திருப்பித் தருவீர்களா?" என்று கேளுங்கள். நேர்மையானவர் சம்மதிப்பார். அவர் உங்களிடமும் கேள்வி கேட்பார்: வளவு உண்டா, வேலி உண்டா, யார் பார்ப்பீர்கள் என்று. அது நல்ல அடையாளம்.

8. விசர்நாய்க்கடி

இதை மறந்து எந்த நாயையும் வளர்க்கக் கூடாது. நோயின் அறிகுறி மனிதரில் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால் தடுப்பூசியால் முற்றாகத் தடுக்கலாம். 1885இல் பிரான்சில் லூயி பாஸ்ரர் நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு ஏற்றிய ஊசியிலிருந்து இந்த வழி திறந்தது. நாய்களுக்கான இந்த ஊசியை எமது நாட்டில் அரசாங்கம் இலவசமாக ஏற்றுகிறது. நாளையும் இடத்தையும் உங்கள் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ கேளுங்கள். குட்டிக்கு எப்போது தொடங்குவது என்று அவர்கள் சொல்வார்கள். பின்னர் வருடந்தோறும் தவறாமல் போடுங்கள்.

"குட்டிதானே கடித்தது" என்று சொல்லி எவரும் இருந்துவிட வேண்டாம். குட்டிக்கும் இந்நோய் வரும். கடித்தாலோ கீறினாலோ ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, பச்சிலை எதையும் பூசாதீர்கள். அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஊசி அட்டையை எங்கே வைப்பது? அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அதே பையில் வையுங்கள். எதை எடுத்துக்கொண்டு ஓடுவது என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

9. வெறுங்கையோடு திரும்புதல்

எல்லாவற்றையும் பார்த்தபின் மனம் ஒப்பவில்லையானால் வாங்காமல் திரும்புங்கள். பஸ் காசு போகும். பிள்ளை அழும். ஆனால் குட்டி ஐந்தாம் நாள் செத்து அழுவதைவிட இந்த அழுகை சிறியது. விட்டுவந்த நாயை இன்னும் மறக்காத வீட்டில் இரண்டாவது நாயும் சாவதை இலேசாக எண்ணவேண்டாம்.

அந்தத் தாயின் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேலாக நாய் இருக்கவில்லை. அதன்பின் பக்கத்துக் கிராமத்தில் நல்ல தாய்நாய் ஒன்று குட்டி போட்டது. இம்முறை நான் போகவில்லை. தாயும் சின்னவனும் மூன்று தடவை போய்ப் பார்த்தார்கள். ஊசி முழுவதும் முடிந்தபிறகே பெட்டைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வளர்ந்ததும் கருத்தடையும் செய்வித்தார்கள். வீதியில் விடப்படும் குட்டிகள் அந்த வீட்டிலிருந்து வராது. அண்மையில் போனபோது படலையில் நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது. "அது ஆக்களை அறிஞ்சுதான் குரைக்கும், சுவாமி" என்றான் சின்னவன்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் கிராமத்தில் கடந்த வருடம் எத்தனை குட்டிகள் செத்தன? எந்த முற்றங்களில்?
2. நாம்பனும் ஆடும் வாங்கும்போது நீங்கள் பார்ப்பவற்றுள் எவை நாய்க்குட்டிக்கும் பொருந்தும்? மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.
3. கிராமத்து நாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் விசர்நாய்க்கடி ஊசி போட உங்கள் சங்கம் யாரைச் சந்திக்கவேண்டும்? அந்தப் பொறுப்பை எடுப்பவர் யார்?